ரெண்டு நூல் போல்ட்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் முழங்காலில் வந்துதான் முடிகிறது. ஒருவருக்குப் படி ஏற முடியவில்லை, இன்னொருவருக்கு இறங்க முடியவில்லை. நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "உனக்கென்ன, உன் காலுக்கு இரும்பு காவல் இருக்கு" என்று கேலி செய்கிறீர்கள். எனக்குக் கோபமில்லை. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிப்போன இடது கால் இது. இத்தனை வருஷமாக இதைத் தாங்குவது இரும்புதான். அந்த இரும்பு ஒரு கோடைகாலம் முழுக்க என்னைக் கைவிட்ட கதையை உங்களிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், கேப்பையும் போடுகிற குடியானவர் வீடு. எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆறு தடவை அலைந்து, ஏழாம் தடவை காலிப்பர் வாங்கிவந்தார். தொடையிலிருந்து பூட்ஸ் வரை காலின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, குறுக்கே தோல் வார்கள், முழங்கால் இருக்கிற இடத்தில் கதவுக் கீல் மாதிரி ஒரு மூட்டு. அந்த மூட்டை இரண்டு பக்கமும் ஒவ்வொரு போல்ட் பிடித்திருந்தது. ஊரில் எல்லோரும் அதை இரும்புக்கால் என்றார்கள். அதை மாட்டிக்கொண்டு முதல் தடவையாக மாட்டுக் கொட்டகை வரை நடந்தபோது, நம் வீட்டு மாடு இவ்வளவு உயரம்தானா என்று நினைத்தேன். அதுவரை எல்லாவற்றையும் தரையிலிருந்தே பார்த்துப் பழகியவள்.

அந்தப் பங்குனியில் மல்லாட்டை பிடுங்கிக் களத்தில் போட்டிருந்தார்கள். பெண்களோடு உட்கார்ந்து நானும் கொடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். எழுந்தபோது கால் பக்கவாட்டில் மடங்கியது. உள்பக்கத்து போல்ட்டைக் காணவில்லை. அம்மா குவியல் முழுவதையும் முறத்தால் வாரி வாரிப் புடைத்துப் பார்த்தாள். கிடைக்கவில்லை. பாதி மூட்டை ஏற்கெனவே திண்டிவனம் மண்டிக்குப் போய்விட்டிருந்தது.

"மல்லாட்டையோட போய் செக்குல உழுந்திருக்கும். எவன் வீட்டு எண்ணெய்ல இரும்பு வாசன வருதோ" என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஏனென்றால் வைகாசி முடிந்தால் பள்ளிக்கூடம். ஊரில் ஐந்தாவது வரைதான். ஆறாவதுக்குத் திண்டிவனம் போக வேண்டும். அங்கே பெரிய டீச்சரம்மா என் காலைப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லியிருந்தார்: "நடந்து வந்தா சேத்துக்கறேன். தூக்கிட்டு வந்தா முடியாது. இங்க யாரு தூக்கிட்டுத் திரியறது?" மதராஸுக்கு எழுதிக் கேட்டதற்கு ஆடி கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். ஆடிக்குள் பள்ளிக்கூடத்தில் இடம் போய்விடும்.

அப்போதுதான் அப்பாவுக்கு விழுப்புரத்து மாமா நினைவுக்கு வந்தார். அப்பாவின் தங்கையைக் கட்டியவர். ரயில்வே லோகோ ஷெட்டில் ஃபிட்டர். இரும்பை எப்படி வேண்டுமானாலும் வளைக்கக்கூடிய மனிதர் என்று எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர்.

பாசஞ்சரில் போனோம். மாமா காலிப்பரை வாங்கித் துளையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார்.

"ரயில் இஞ்சினையே அக்கக்கா கழட்டிப் போட்டு மாட்டுறவன் நானு. இது ரெண்டு நூல் போல்ட்டு. இதுக்கா மச்சான் புள்ளயத் தூக்கிக்கினு அலையற? உட்டுட்டுப் போ. மூணு நாளு."

எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்குத்தான் நூல் என்று பெயர். ரெண்டு நூல் என்றால் கால் அங்குலம். கொத்தனார், தச்சர், கொல்லர் எல்லோருக்கும் அந்தக் கணக்குத்தான். நயா பைசா வந்த பிறகும் அணாக் கணக்கு போகாத காலம், நூல் எங்கே போகும்?

அப்பா உட்காரக்கூட இல்லை. தங்கையைக் கொடுத்த வீட்டில் அண்ணன்காரனுக்குக் குரல் கிடையாது. அதிலும் அத்தைக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகக் குழந்தை இல்லை. மாமாவுக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைக்க அவருடைய ஆட்கள் துடித்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா மூன்று விரலைக் காட்டிவிட்டு நடந்ததுதான்.

"மாமா போல்ட்டப் போட்டதும் வந்துடறேன் பாப்பா. மூணே நாளு."

மூன்று நாள் எழுபது நாளாயிற்று.

ரயில்வே குவார்ட்டர்ஸ் என்றால் வரிசையாகக் கரி படிந்த வீடுகள். காயப்போட்ட துணியில் கரித்தூள் வந்து உட்காரும், அத்தை உதறுவாள், மறுபடியும் உட்காரும். அவள் அதிகம் பேசமாட்டாள். மாமா ஷெட்டுக்குப் போனதும் வீட்டில் நானும் அவளும் அவரவர் மூலையில் இருப்போம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முதல் நாள் வந்து என் காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள், அப்புறம் வரவில்லை. அவர்கள் ஓடுகிற விளையாட்டில் எனக்கு வேலையில்லை. காலையில் அத்தை என்னைத் தூக்கி வாசற்படியில் உட்காரவைப்பாள். நேர் எதிரே, பிளாட்பாரங்களுக்கு மேலே போகிற நடைபாலம் தெரியும். திண்டிவனம் வண்டியில் வருகிறவர்கள் அதில் ஏறித்தான் இந்தப் பக்கம் இறங்க வேண்டும். வண்டி ஊதினதும் நான் பாலத்தைப் பார்ப்பேன். கடைசி ஆள் இறங்கும்வரை பார்ப்பேன். துண்டு போட்ட ஒவ்வொருவரும் தூரத்தில் அப்பா மாதிரியே இருப்பார்கள், கிட்டே வந்ததும் வேறு யாரோ ஆகிவிடுவார்கள்.

நான் அழுது தொலைக்கப்போகிறேன் என்று பயந்தோ என்னவோ, மாமா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். மூடியில் குடை பிடித்த வெள்ளைக்காரி. முகம் தேய்ந்து குடை மட்டும் பாக்கி. உள்ளே மண்ணெண்ணெய் வாசனையோடு நூற்றுக்கணக்கில் போல்ட்டும் நட்டும். எந்த போல்ட்டுக்கு எந்த நட்டு என்று ஜோடி சேர்ப்பதுதான் என் விளையாட்டாயிற்று. இரண்டு நாளில் விரலுக்கு ஒரு சங்கதி தெரிந்துபோயிற்று. தடிமன் ஒன்றாக இருந்தால் போதாது. போல்ட்டைச் சுற்றி ஓடுகிற வரிக்கு மரை என்று பெயர் அல்லவா, அது சிலதில் அகலமாக இருக்கும், சிலதில் நெருக்கமாக இருக்கும். அகல மரை போல்ட்டை நெருக்க மரைக்குள் விட்டால் முதல் சுற்றுக்குச் சிநேகமாகத்தான் போகும். இரண்டாவது சுற்றில் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாம் நாள் டப்பாவின் அடியில் ஒரு பழைய சைக்கிள் போல்ட் கிடைத்தது. காலிப்பர் துளையில் வைத்து விரலால் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆனால் கட்டை போல்ட், பாதியோடு நின்றுவிட்டது. மாமா வந்ததும் காட்டினேன்.

"மாமா, இது சேருது. இதே மாதிரி நீட்டா ஒண்ணு வேணும்."

"சைக்கிள் போல்ட்டா?" அவர் அதை வாங்கி டப்பாவுக்குள் எறிந்தார். "நான் ரயில்வே ஃபிட்டரு கண்ணு. சைக்கிள் கடைக்குப் போயி நின்னா ஷெட்டுல சிரிக்க மாட்டான்? அது மரை ஊசி மாதிரி, எடை தாங்காது. ரெண்டு நூல் போல்ட்டுன்னா எல்லாம் ஒண்ணுதான், இரு."

அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஷெட்டிலிருந்து வரும்போது தினமும் எனக்கு ஏதாவது வாங்கிவருவார். தான் செய்கிற வேலையை விடப் பெரிய வேலை உலகத்தில் இல்லை என்று நினைக்கிற ஆள், அவ்வளவுதான். ஊரில் இருக்கிற இரும்புக் கடையெல்லாம் அலைந்து போல்ட் வாங்கிவந்தார். எல்லாம் அகல மரை. எல்லாம் இரண்டாவது சுற்றில் சிக்கின. அப்பாவுக்கு மட்டும் தபால் கார்டு போட்டுக்கொண்டிருந்தார்: வேலை நடக்கிறது, ரெண்டு நாளில் முடியும்.

பிறகு பாண்டிச்சேரி லைனில் போய்வருகிற ரயில் கார்டு ஒருவர் அங்கேயிருந்து ஒரு போல்ட் கொண்டுவந்து கொடுத்தார். அங்கே பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அவன் விட்டுப்போன மில்லிமீட்டர் சாமான்கள் கடைகளில் கிடந்தன. அது உடனே உள்ளே போயிற்று. மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் இரண்டு நாள் நடந்தேன். தெருக்குழாயிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர்கூட நானே கொண்டுவந்தேன். ஆனால் அது ஒரு மயிரிழை மெலிசு. நடக்க நடக்க ஆடி ஆடி, மூன்றாம் நாள் குழாயடியில் கழன்று விழுந்தது. நானும் விழுந்தேன். என் மோவாயில் இருக்கிற தழும்பைப் பற்றி நீங்கள் கேட்டபோதெல்லாம் பிரெஞ்சுக்காரன் போட்டது என்றேனே, அது பொய் இல்லை.

அன்று சாயங்காலம் என் தாவாயில் கட்டுப்போட்டிருந்ததைப் பார்த்து மாமாவின் முகம் கறுத்துப்போயிற்று. கடையில் வாங்கின ஒரு போல்ட்டை எடுத்தார். எண்ணெய் தடவினார். ஒரு முழ நீளத்துக்கு ஸ்பானரை எடுத்தார்.

"சிக்குது மாமா, வேணாம்."

"இன்னா சிக்குது? நம்ம கை படாத சிக்கா?"

முழு பலத்தோடு திருப்பினார். வெள்ளி நிறத்தில் மெல்லிய சுருள் ஒன்று துளையிலிருந்து வெளியே வந்து தரையில் விழுந்தது. கிறீச்சென்ற சத்தம் பல்லைக் கூசவைத்தது. அப்புறம் சத்தமே இல்லை. போல்ட் சும்மா சுற்ற ஆரம்பித்தது. துளையின் மரை மொத்தமும் அறுந்துவிட்டது. அப்பா ஏழு தடவை மதராஸ் போய் வாங்கின இரும்பு. மாமா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அத்தையையும் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு நிச்சயமாயிற்று. இனி நடக்கப்போவதில்லை, பள்ளிக்கூடம் இல்லை, அப்பாவும் வரமாட்டார். நடக்க முடியாத பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தங்கை வீட்டில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். பத்து வயதுக்கு அதுதான் கணக்காகத் தெரிந்தது. மறுநாளிலிருந்து நான் பாலத்தைப் பார்ப்பதை விட்டேன். வீம்பு. வண்டி ஊதினால் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டு டப்பாவைக் கிளறுவேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை முறத்தில் வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்து வைத்தாள். மாமா ஸ்டேஷனில் வாங்கிவந்தாராம். தோலில் செம்மண் ஒட்டியிருந்தது. உப்பு தூக்கலாக, அம்மா போடுகிற மாதிரியே இருந்தது. ஒன்றை உடைத்து வாயில் போட்டேன்.

"எங்க ஊரு மல்லாட்ட மாதிரியே இருக்குது மாமா."

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். "எல்லா ஊரு மல்லாட்டயும் ஒண்ணுதான்" என்றார்.

காலிப்பர் இருபது நாள் ஆணியில் தொங்கியது. ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த அத்தை, கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, நான் அதுவரை கேட்காத குரலில் சொன்னாள்: "சைக்கிள் கட பாய்கிட்ட போனா இன்னா கொறஞ்சா பூடுவ? பள்ளிக்கூடம் தொறக்க எத்தினி நாளு இருக்குது?" மாமா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். மறுநாள் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து, காலிப்பரைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பாய் ஒல்லியான மனிதர். துளையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா ஃபிட்டர் சார் இது? இது சைக்கிள் மரை. இதுல எவனோ கட போல்ட்ட ஏத்திக்கிறான். பேஜாரு புடிச்சவன். எவன் இத்தப் பண்ணான்?"

மாமா வேர்வையைத் துடைத்தார். எனக்குச் சொல்ல வாய் வந்தது. அவருடைய கழுத்து நரம்பைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"இனிமே இந்த ஓட்டைல எதுவும் நிக்காது" என்றார் பாய். "பெருசா நாலு நூலுக்கு ஓட்ட போட்டு, உள்ளார ஒரு பித்தள புஷ், சின்னக் குழா மாதிரி, எறக்கிடணும். புஷ்ஷுக்கு வெளிய ஒரு மரை, உள்ள ஒரு மரை. உள்ள எந்த மரை வேணுமோ அத்த வெச்சிக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "காலு உன்னுது. உனுக்கு எந்த மரை வேணும் பாப்பா? சைக்கிள் மரையா, கட மரையா?"

அதுவரை அந்தக் காலைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"எல்லா ஊர்லயும் கெடைக்கிற மரை" என்றேன். "போல்ட்டு காணாப்போனா அங்கியே வாங்கிக்கற மாதிரி. எங்கியும் தங்க வேணாம்."

மாமா சட்டென்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புஷ்ஷை மாமாவே ஷெட்டு லேத்தில் கடைந்தார். வேலை என்றால் அது வேலை. உள்ளே இறக்கி விளிம்பைத் தட்டியபோது, இரும்பு எங்கே முடிகிறது பித்தளை எங்கே ஆரம்பிக்கிறது என்று நகத்தால் தடவினாலும் தெரியவில்லை. எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கிற சாதாரண ரெண்டு நூல் போல்ட் ஒன்று விரலால் சுற்றச் சுற்றக் கடைசி மரை வரை போய் நின்றது. இரண்டு போல்ட்டை உபரியாக என் பாவாடை நாடாவில் கோத்துக் கட்டிவிட்டார்.

அப்பா வந்தார். நான் பிளாட்பாரம் முழுக்க நடந்தேன். படி ஏறும் இடத்தில் கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்து ஏறினேன். திண்டிவனத்தில் பெரிய டீச்சரம்மாவின் மேஜை வரை நடந்துபோய் ஆறாம் வகுப்பில் சேர்ந்ததும், படித்ததும், வேலைக்குப் போனதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்தக் காலிப்பர் எனக்குச் சிறிதான பிறகு, பித்தளை புஷ்ஷோடு பேரீச்சம்பழக்காரனிடம் போயிற்று.

உங்களுக்குத் தெரியாதது, அதற்குப் பிறகு நான் அப்பாவிடம் சரியாகப் பேசவே இல்லை என்பது. கேட்டால் பதில் சொல்வேன், அவ்வளவுதான். சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள், ஊரோடு வந்து இருந்துவிடேன் என்று அவர் கேட்டபோது வெடித்துவிட்டேன்.

"அந்த வருசம் என்னக் கொண்டுபோய் உட்டுட்டு எழுவது நாளு. ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தியாப்பா நீ?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். பதில் இல்லாததால் போகிறார் என்று நினைத்தேன்.

அப்பா காலமாகிப் பதினோரு வருஷம் கழித்து மாமாவும் போனார். காரியம் முடிந்த அன்று அத்தை அந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். குடையும் இப்போது தேய்ந்திருந்தது. "உனுக்குத்தான் இது பிரியம். எடுத்துக்கினு போ" என்றாள். திறந்தேன். அதே மண்ணெண்ணெய் வாசனை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துணி முடிச்சு. அரக்கு நிறத்தில் மஞ்சள் கட்டம். அம்மாவின் சேலைக் கிழிசல். நான் தூளியில் கிடந்த சேலை. அவிழ்த்தால், மரையெல்லாம் மழுங்கி, இடுக்கில் இன்னும் இரும்புச் சுருள் சிக்கியிருந்த அந்தக் கடை போல்ட்.

அம்மா அந்த வருஷம் விழுப்புரம் வரவே இல்லை. "இந்தத் துணி எப்படி அத்தை இங்க வந்துச்சு?"

அத்தை துணியை வாங்கி மடியில் வைத்து நீவினாள்.

"உங்கப்பா கொண்ணாந்தாரு. அந்த மல்லாட்டயக் கட்டிக்கினு வந்தது. மரை அறுந்த மூணா நாளு. ஸ்டேசன்லயே உங்க மாமா பாத்துட்டாரு. இரும்பு ஒடஞ்சி கெடக்குது, மச்சான் மொகத்துல எப்டி முழிக்கிறதுன்னு வெக்கம். 'வேல பாதில நிக்குது, உன்னப் பாத்தா புள்ள அழுவும், இப்ப வாணாம்'னு தடுத்துட்டாரு. துணியப் பாத்ததும் எனுக்குத் தெரிஞ்சிபோச்சி. கேட்டேன், உங்க மாமா அழுதுட்டாரு. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு என் தலமேல சத்தியம் வாங்கிக்கினாரு. உங்கப்பாவும் சொல்ல மாட்டாரு. தங்கச்சி வாழற வீடாச்சே."

"பாக்காமயேவா போச்சு அப்பா?"

"பாத்தாரே. தூரமா நின்னு பாத்துட்டுப் போறேன் மாப்ளேன்னு கெஞ்சிட்டு, அந்தப் பாலத்து மேல அர மணி நேரம் நின்னுக்கினு இருந்தாராம். நீ படியில குந்திக்கினு டப்பாவ நோண்டிக்கினு இருந்தியாம். தலையே தூக்கலியாம். 'போல்ட்ட வெச்சி வெளையாடிக்கினு சந்தோசமாத்தான் இருக்குது மாப்ளே, இருக்கட்டும்'னு சொல்லி, மல்லாட்டயக் குடுத்துட்டு வண்டி ஏறிட்டாராம்."

இவ்வளவுதான். நீங்கள் இனிமேல் முழங்கால் வலியைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வலி வேறு இடத்தில். ஒன்றரை மாதம் கண் பூத்துப்போகிற அளவுக்குப் பார்த்த பாலம் அது. அவர் வந்து நின்ற அன்றைக்குத்தான் நான் குனிந்திருந்தேன்.